பல்லாவரத்தில் கிடைத்த கல், எழும்பூரில் இருக்கும் கண்ணாடிப் பெட்டி: நடுவில் ஒரு செயலி உதவுமா?

கல்கோடரி | திங்கள், இரவு 9.15

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

எனக்குப் பல்லாவரம். பிறந்ததும் இங்கேதான். போன மாதம் அக்கா மகனை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். ஏழாவது படிக்கிறான். கற்கருவிகள் வைத்திருக்கும் பெட்டி முன்னால் அவன் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. வெளியே வந்து மரத்தடியில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிடும்போது பேச்சுவாக்கில், "அந்த மாதிரிக் கல் இந்தியாவிலேயே முதலில் அடையாளம் கண்டது நம்ம பல்லாவரத்தில்தான்டா" என்றேன். "நம்ம பல்லாவரமா? எங்கே மாமா, வெள்ளிக்கிழமை சந்தை போடுவாங்களே அந்தப் பக்கமா?" என்று கேட்டான். பிஸ்கட்டைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்ப உள்ளே போகணும் என்றான். இரண்டாவது தடவை அந்தப் பெட்டி முன்னால் பத்து நிமிடம் நின்றான்.

அன்றிலிருந்து இதே நினைப்பாக இருக்கிறேன்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: 1863 மே 30 அன்று, புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ராபர்ட் புரூஸ் ஃபூட், பல்லாவரத்தில் ஒரு சரளைக்கல் குழியில் கையால் செதுக்கிய ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது பழைய கற்கால மனிதர்களின் கருவி என்று புரிந்துகொண்டார். அதே ஆண்டு திருவள்ளூர் பக்கம் அத்திரம்பாக்கத்திலும் கருவிகள் கிடைத்தன. அவர் வாழ்நாள் முழுக்கச் சேர்த்ததைச் சென்னை அருங்காட்சியகம் 1904-இல் வாங்கிக்கொண்டது. அத்திரம்பாக்கத்தில் தொல்லியலாளர் சாந்தி பப்பு குழுவினர் பல ஆண்டுகள் அகழாய்வு செய்தார்கள். அங்கே இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது என்று 2018-இல் முடிவு வெளியானது. உலகமே பேசிய செய்தி அது. பல்லாவரம் ரயில் நிலையத்தில் தினமும் இறங்கி ஏறுகிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

நான் கேட்க வந்தது இதுதான். அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் வெளியே ஒரு விலாசம் இருக்கிறது. அந்த விலாசத்தில் இன்று வாழ்கிறவர்களுக்கு, அவர்கள் நிற்கும் இடத்திலேயே, கைபேசி வழியாக அந்தப் பொருளைக் காட்ட முடியுமா? செலவு எவ்வளவு ஆகும், யார் செய்வது, நிலைக்குமா? நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன். தொழில்நுட்பம் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

எழும்பூர் ரயிலடி | திங்கள், இரவு 10.02

தம்பி, நல்ல கேள்வி. விலாசம் என்று சொன்னீர்கள் பாருங்கள், அந்தச் சொல் பிடித்திருக்கிறது. என் பங்குக்குச் சில விலாசங்கள்.

அண்ணா சாலையில் ஸ்பென்சர் பக்கம் ஒருகாலத்தில் ஜெனரல் நீல் சிலை இருந்தது. 1857 எழுச்சியின்போது அலகாபாத், கான்பூர் பக்கம் கொடுமை செய்தவர். 1927-இல் அந்தச் சிலையை எடுக்கச் சொல்லி ஒரு சத்தியாகிரகமே நடந்தது, தொண்டர்கள் சிறைக்குப் போனார்கள். 1937-இல் ராஜாஜி அமைச்சரவை வந்த பிறகுதான் அது எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போனது. இப்போது அந்த இடத்தைப் பேருந்தில் கடக்கிறவருக்கு அங்கே என்ன நடந்தது என்று காட்ட எதுவும் இல்லை. அருங்காட்சியகத்தில் சிலையைப் பார்க்கிறவருக்கு அது ஏன் தெருவிலிருந்து வந்தது என்று தெரிவதில்லை. இரண்டு பாதியையும் சேர்த்துத் தைக்கத்தான் உங்கள் செயலி வேண்டும்.

அப்புறம் எம்டன். 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் கப்பல் சென்னை மீது குண்டு போட்டது. துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன, ஊரே காலி செய்துகொண்டு ஓடியது. குண்டு விழுந்த இடத்தைக் காட்டும் கல், உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலில் இருக்கிறது. குண்டின் துண்டு கோட்டை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடந்தால் கால் மணி நேரம்கூட ஆகாது. "அவன் பெரிய எம்டன்" என்று இன்றைக்கும் சொல்கிறோமே, அந்தச் சொல்கூட ஒரு காட்சிப்பொருள்தான். அதைப் பெட்டிக்குள் வைக்க முடியாது.

தேனாம்பேட்டை செனடாப் ரோடு தெரியுமல்லவா? கவர்னர் ஜெனரல் கார்ன்வாலிஸுக்குக் கட்டிய நினைவு மண்டபம் முன்பு அங்கே இருந்ததால் வந்த பெயர். அவருடைய பெரிய பளிங்குச் சிலை இப்போது கோட்டைக்குள் அருங்காட்சியகத்தில் நிற்கிறது.

---

ஐயனாவரம் 23 | திங்கள், இரவு 10.40

எங்கள் பாட்டி மியூசியத்தை "செத்த காலேஜ்" என்றுதான் சொல்வார். மிருகக்காட்சி சாலை "உயிர் காலேஜ்". லீவு விட்டால் இரண்டு காலேஜுக்கும் அழைத்துப் போவார். இரண்டும் ஒரே இடத்தில் தொடங்கியவை என்று பிறகுதான் படித்தேன். 1855-இல் அருங்காட்சியகப் பொறுப்பாளர் பால்ஃபர் அந்த வளாகத்திலேயே விலங்குகளை வைத்துக் காட்டினார். அப்புறம் அது சென்ட்ரல் பக்கம் பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போய், 1985-இல் வண்டலூர் போனது. பாட்டி சொன்ன பெயர்களும் உங்கள் செயலியில் வரணும். ஆங்கிலத்தில் எழுதி வைத்திருக்கும் பெயர்ப்பலகைக்கு நடுவில் அவர் எந்தப் பெயரையும் வாசித்ததே இல்லை.

---

நிரலி | செவ்வாய், காலை 7.20

கல்கோடரி அண்ணா, நான் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். ஆசையைக் குறைக்கச் சொல்லவில்லை. ஆனால் பட்ட அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பண்பாட்டு அமைப்புக்காக (பெயர் வேண்டாம்) நாங்கள் மூன்று பேர் ஒரு செயலி செய்தோம். சம்பளம் வாங்கவில்லை. வரைபடம், முப்பரிமாணப் படம், வினாடி வினா எல்லாம் இருந்தது. திறப்பு விழாவில் எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்த ஆண்டு ஆண்ட்ராய்டு புதிய பதிப்பு வந்தது. செயலியைப் புதுப்பிக்காவிட்டால் ப்ளே ஸ்டோர் அதைப் புதிய கைபேசிகளுக்குக் காட்டாது. புதுப்பிக்க அமைப்பில் ஆள் இல்லை, எங்களில் இரண்டு பேர் வெளியூர் போய்விட்டார்கள். இரண்டே ஆண்டில் செயலி போய்விட்டது. அதற்காக நாங்கள் பதிவு செய்த பெரியவர்களின் குரல்களும் அதோடு போய்விட்டன. அதில் ஒருவர் இப்போது இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரவில்லை.

அதனால் என் கருத்து: ப்ளே ஸ்டோர் செயலி வேண்டாம். உலாவியில் திறக்கும் எளிய வலைப்பக்கம் போதும். ஒருமுறை திறந்தால் கைபேசியிலேயே சேமித்துக்கொண்டு, நெட் இல்லாத இடத்திலும் வேலை செய்யும்படி செய்யலாம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு க்யூஆர் ஸ்டிக்கர், ஒரு குரல் பதிவு, ஒரு படம், பத்து வரி எழுத்து.

பேச்சுக்கு நொடிக்கு 32 கிலோபிட் தரம் தாராளமாகப் போதும். 3 நிமிடப் பதிவு ஏறத்தாழ 720 கிலோபைட்தான் வரும். பத்து இடம் என்றாலும் 7 எம்பி சொச்சம். யாருடைய டேட்டாவும் தீராது. குரல் பதிவின் அசல் கோப்புகளை இணையக் காப்பகத்தில் தனியாக ஏற்றி வைத்துவிடணும். பக்கம் போனாலும் குரல் போகக் கூடாது.

---

கல்கோடரி | செவ்வாய், காலை 8.05

நிரலி, நீங்கள் சொன்ன அந்தப் பெரியவர் விஷயம் மனதைப் பிசைகிறது. சரி, செயலி என்ற சொல்லை விட்டுவிடுகிறேன், பக்கம் என்றே வைத்துக்கொள்வோம். ஒரு சந்தேகம். ஜிபிஎஸ் வைத்து, அந்த இடத்துக்கு வந்தவுடன் கைபேசி தானாகப் பேச வைக்க முடியாதா? அதுதான் என் மனதில் இருந்தது.

---

நிரலி | செவ்வாய், காலை 8.31

முடியும். வானம் திறந்திருக்கும் இடத்தில் ஜிபிஎஸ் 5 மீட்டர் வரை சரியாகக் காட்டும். பல்லாவரம் குன்றுப் பக்கம் பிரச்சினை வராது. சௌகார்பேட்டை மாதிரி உயரமான கட்டடங்கள் நெருங்கி நிற்கும் சந்தில் அலை சுவரில் பட்டுத் திரும்பி, உங்களைப் பக்கத்துத் தெருவில் காட்டிவிடும். பின்னணியில் எப்போதும் இடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பேட்டரியும் இறங்கும், உங்கள் நடமாட்டமும் எங்கோ பதிவாகும். குழந்தைகள் பயன்படுத்துவதாக இருந்தால் அது எனக்குச் சம்மதமில்லை. வருகிறவர் தானாக ஒரு பொத்தானைத் தொட்டுக் கேட்கட்டும்.

---

சமூக அறிவியல் டீச்சர் | செவ்வாய், மாலை 5.50

அரசுப் பள்ளி ஒன்றில் பாடம் எடுக்கிறேன். பள்ளி நாள் முடிந்து இப்போதுதான் படித்தேன்.

எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் வீட்டில் ஒரே கைபேசி. அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இதை மனதில் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். ஒரு கைபேசி, ஒரு சின்ன ஒலிபெருக்கி, சுற்றி எட்டுப் பிள்ளைகள் என்று வைத்தால் நடக்கும். ஆளுக்கொரு கைபேசியில் தலையைக் குனிந்துகொண்டு நடப்பதைவிட அது நல்லதும்கூட. ஜிஎஸ்டி சாலை ஓரத்தில் பிள்ளைகள் திரையைப் பார்த்துக்கொண்டு நடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. காதால் கேட்டுக்கொண்டே கண் ரோட்டைப் பார்க்கட்டும்.

இன்னொன்று. எழும்பூருக்கு ஒரு வகுப்பை அழைத்துப் போவது எளிதில்லை. அனுமதிக் கடிதம், பேருந்து, சாப்பாடு, மழை வந்தால் என்ன செய்வது, இப்படி நூறு இருக்கிறது. வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை என்பதை மறந்து நாள் குறித்துவிட்டுத் திரும்ப மாற்றியதும் உண்டு. பள்ளியிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒரு கதை இருக்கிறது என்றால், மாதத்தில் ஒரு மாலை போதும். எழும்பூருக்கு வருடம் ஒருமுறை போவோம். ஆனால் அன்று பிள்ளைகள் தங்கள் ஊர்க் கல்லைத் தேடிக்கொண்டு போவார்கள். கல்கோடரி தம்பியின் அக்கா மகன் இரண்டாவது தடவை உள்ளே போன மாதிரி.

---

வேப்பமரத்தடி | செவ்வாய், இரவு 8.15

எல்லோரும் சொல்வதைப் பிள்ளைகள் கேட்பதாகவே பேசுகிறோம். அவர்கள் ஏதாவது திரும்பச் சொல்லவும் வழி வேண்டும். அதற்கு ஏற்கெனவே நன்றாக நடக்கும் ஓர் உதாரணம் இருக்கிறது.

ஐநேச்சுரலிஸ்ட் செயலியைப் பலர் பயன்படுத்தியிருப்பீர்கள். செடி, பூச்சி, பறவை எதையாவது படமெடுத்துப் போட்டால், அது என்ன என்று கணினியும் மற்ற பயனர்களும் சேர்ந்து சொல்வார்கள். 2008-இல் பெர்க்லியில் மாணவர்கள் தொடங்கியது. 2016-இல் லாஸ் ஏஞ்சலஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும் சான் பிரான்சிஸ்கோவின் கலிபோர்னியா அறிவியல் கழகமும் இரண்டு நகரங்களுக்கு இடையே ஒரு போட்டி வைத்தன: எந்த ஊர்க்காரர்கள் அதிக உயிரினங்களைப் பதிவு செய்கிறார்கள் என்று. இப்போது உலகம் முழுக்கப் பல நகரங்கள் அதில் சேர்கின்றன. தொடங்கியவர்கள் அருங்காட்சியகக்காரர்கள் என்பதைக் கவனியுங்கள். பாடம் பண்ணிய பறவையை உள்ளே வைத்திருப்பவர்கள், உயிருள்ள பறவையைப் பார்க்க ஊரை வெளியே அனுப்பினார்கள்.

அது நடப்பது ஏப்ரல் கடைசியில். நம் ஊர் வெயிலுக்கு ஒத்துவராது. நமக்குத் தை மாதம் சரி. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவை எண்ணுகிறார்கள், ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் பதிவு செய்கிறார்கள். நான் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் எண்ணப் போவேன். எழும்பூர் விலங்கியல் பிரிவில் கண்ணாடிக் கண்ணோடு நிற்கும் நாரையைப் பார்த்துவிட்டு, அதே வாரம் பள்ளிக்கரணையில் உயிருள்ள நாரையைப் பார்க்கும் பிள்ளைக்கு இரண்டும் வேறு மாதிரி தெரியும். இதை நான் பலமுறை நேரில் பார்த்திருக்கிறேன். முதலில் பறவையைப் பார்த்துவிட்டுப் பிறகு அருங்காட்சியகம் போவது இன்னும் நல்லது. கழுத்து எவ்வளவு நீளம், அலகு எப்படி வளைகிறது என்று பக்கத்தில் நின்று பார்க்க அங்கேதான் முடியும்.

---

செவிவழி | செவ்வாய், இரவு 9.30

எனக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் டாக்பேக் வைத்து இந்த இழையைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். குரல் பதிவு என்று நிரலி மேடம் சொன்னபோது சந்தோஷமாக இருந்தது.

அருங்காட்சியகம் எனக்கு எப்படி இருக்கும் தெரியுமா? ஒரு பெரிய கூடம், எதிரொலி, குளிர்ந்த தரை, பக்கத்தில் யாரோ பெயர்ப்பலகையை வேகமாக வாசிக்கிறார்கள். எல்லாம் கண்ணாடிக்குப் பின்னால். திருவாலங்காட்டு நடராசர் முன்னால் நின்றிருக்கிறேன். என் நண்பன் பத்து நிமிடம் விளக்கினான். தூக்கிய கால் எந்தப் பக்கம், விரித்த சடை உண்டா இல்லையா என்று அவன் சொல்லச் சொல்ல நான் என் உடம்பில் அந்த நிலையைப் பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

வெளியே நிலைமை வேறு. திருவாலங்காட்டுக்கு அரக்கோணம் ரயிலில் போய் இறங்கிக் கோயிலுக்கும் போயிருக்கிறேன். மணிச் சத்தம், கல் சூடு, காற்று எல்லாம் இருந்தது. காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து வந்த ஊர் என்பதால் காலை அங்கே வைக்கவே தயக்கமாக இருந்தது. அந்த இடத்தில் நின்றுகொண்டு, எழும்பூரில் இருக்கும் திருமேனியைப் பற்றி ஒருவர் நிதானமாக விவரிக்கும் குரலைக் கேட்க முடிந்திருந்தால் எனக்கு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்திருக்கும்.

செய்யப் போகிறவர்களுக்கு மூன்று வேண்டுகோள். எல்லாப் பொத்தானுக்கும் பெயர் கொடுங்கள். பெயரில்லாத பொத்தான் எனக்கு வெறும் "பட்டன்" என்றுதான் கேட்கும். படத்துக்கு விவரம் எழுதுங்கள். குரல் கொடுப்பவர் "இங்கே பாருங்கள்" என்று சொல்லாமல், எவ்வளவு பெரியது, எவ்வளவு கனம், தொட்டால் எப்படி இருக்கும் என்று சொல்லட்டும். கற்கோடரி உள்ளங்கையில் எப்படிப் பொருந்தும் என்று சொல்லுங்கள். பார்வை உள்ளவர்களுக்கும் அது பிடிக்கும்.

---

பழைய வரைபடம் | புதன், காலை 6.45

லண்டன் அருங்காட்சியகம் 2010-இல் ஸ்ட்ரீட்மியூசியம் என்று ஒரு செயலி விட்டது. தெருவில் நின்று கைபேசியைத் தூக்கிப் பிடித்தால், அதே இடத்தின் பழைய புகைப்படம் இன்றைய காட்சி மேல் வந்து நிற்கும். நம்மூரில் இதைச் செய்தே ஆகணும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறேன்.

எனக்கு ஆசை ஏரிகளில். தி. நகர் இருக்கும் இடத்தில் நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை நீண்ட ஏரி ஒன்று இருந்தது. 1920-களில் அதை வற்றவைத்துத்தான் மனை போட்டார்கள். வள்ளுவர் கோட்டம் நிற்பது நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, லேக் இல்லை. சேத்துப்பட்டுப் பக்கம் ஸ்பர் டேங்க் ரோடு. 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது, பழைய வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். தண்ணீருக்கு அதன் வீடு நினைவிருந்தது. ஆவணக் காப்பகத்தில் இருக்கும் அந்த வரைபடங்களைக் கைபேசியில் இன்றைய வரைபடத்தோடு ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு, "நீங்கள் இப்போது நிற்பது ஏரிக்குள்" என்று சொன்னால் வீடு வாங்கப் போகிறவர்கூடத் திறந்து பார்ப்பார்.

---

எழும்பூர் ரயிலடி | புதன், காலை 7.30

சார், ஏரி வரைபடம் அருமையான யோசனை, அதற்குத் தனி இழையே தொடங்கலாம். ஆனால் கைபேசியைத் தூக்கிப் பிடித்துப் பழைய படம் பார்ப்பது அண்ணா சாலையில் முடியுமா? நடைபாதை இல்லை, பைக் ஏறி வருகிறது. மே மாத வெயிலில் திரையே தெரியாது. கோட்டைக்குள் தலைமைச் செயலகமும் ராணுவமும் இருப்பதால் கேமராவைத் தூக்கினாலே காவலர் வந்துவிடுவார். டீச்சர் சொன்ன காது வழிதான் நம் ஊருக்குச் சரி.

---

பழைய வரைபடம் | புதன், காலை 7.52

பீப்பிள்ஸ் பார்க் இருந்த இடத்திலும் மெரினாவிலும் தாராளமாக முடியும். அண்ணா சாலையில் முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

தூணோரம் | புதன், மதியம் 1.10

எல்லோரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. நான் மாதம் ஒருமுறை எழும்பூர் போகிறவன். உள்ளே இருக்கும் பொருள்களுக்கே நல்ல தமிழ் விளக்கம் போதவில்லை. ஆந்திராவின் அமராவதி பௌத்தத் தூபியிலிருந்து வந்த சிற்பங்கள் எவ்வளவு பெரிய செல்வம்! 1840-களில் வால்டர் எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி தோண்டி எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார். ஒரு பகுதி லண்டனுக்குப் போய்விட்டது, மிச்சம் இங்கே. அதன் முன்னால் மக்கள் செல்ஃபி எடுத்துவிட்டு நகர்கிறார்கள். முதலில் உள்ளே சரிசெய்யணும், அப்புறம் வெளியே போகலாம். ஊருக்கெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி ஆர்வத்தைத் தூண்டி, வருகிறவர் உள்ளே வந்து ஏமாந்து போனால் அது இரட்டை நஷ்டம்.

---

கல்கோடரி | புதன், இரவு 9.00

தூணோரம் சார், கோபம் இல்லை. நீங்கள் சொல்வது நியாயம். ஆனால் உள்ளே மாற்றம் கொண்டுவர நமக்கு அதிகாரம் கிடையாது, கடிதம் எழுதலாம். என் தெருவில் ஒரு கதையைச் சொல்ல எனக்கு யார் அனுமதியும் வேண்டாம். வெளியே பத்துக் கதை தமிழில் நன்றாக வந்துவிட்டால், அதே பதிவைக் காப்பாட்சியரிடம் கொண்டுபோய், "இதை உள்ளேயும் ஒலிக்க விடலாமா" என்று கேட்க ஒரு வாய்ப்பு வரும். வெறும் கையோடு போவதைவிட அது மேல் என்று நினைக்கிறேன்.

---

தூணோரம் | புதன், இரவு 9.25

அப்படி என்றால் அமராவதிக்கு விளக்கம் எழுதித் தரும் வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன். வெளி விலாசம் சென்னையில் இல்லைதான், ஆனால் அந்தக் கற்கள் முதலில் வந்து இறங்கி வெயிலிலும் மழையிலும் கிடந்தது அருங்காட்சியகம் முதலில் இருந்த கல்லூரிச் சாலை வளாகத்தில். அதைத் தொடங்கும் இடமாக வைக்கலாம்.

---

சமூக அறிவியல் டீச்சர் | வியாழன், மாலை 6.20

ஓர் அவசரக் கேள்வி. இந்த இழையைப் பற்றி வகுப்பில் சொன்னேன். இன்று ஒரு பையன் பையிலிருந்து ஒரு கல்லை எடுத்து மேசையில் வைத்தான். மண் ஒட்டியிருக்கிறது, ஒரு பக்கம் கூர்மை. வீடு கட்டத் தோண்டிய இடத்தில் எடுத்தானாம். "டீச்சர், இது கற்கோடரியா?" வகுப்பே எழுந்து நின்று பார்த்தது. எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. உடைந்த ஜல்லியாகவும் இருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்து ஜல்லி என்று சொல்ல வாய் வரவில்லை.

---

குவார்ட்சைட் | வியாழன், இரவு 8.40

தொல்லியல் படித்தவன், இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். டீச்சர், முதலில் அவனைப் பாராட்டுங்கள். ஒரு கல்லைக் குனிந்து பார்த்தான், அதுதான் முக்கியம்.

படத்தை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அவனையே சோதிக்க விடலாம். மனிதர் செதுக்கிய கல்லில் செதில் எடுத்த வடுக்கள் ஒழுங்கான வரிசையில், பெரும்பாலும் இரண்டு முகத்திலும் இருக்கும். ஓரம் முழுக்க ஒரே நோக்கத்தோடு மெலிந்து வரும். இயந்திரத்தில் உடைந்த ஜல்லியில் உடைவு தாறுமாறாக இருக்கும், நிறமும் புதிதாகத் தெரியும். நம் பக்கத்துக் கருவிகள் பெரும்பாலும் குவார்ட்சைட் என்ற கடினமான கல். ஒரு லென்ஸ் கொடுத்து வரையச் சொல்லுங்கள். வரைந்தால் கண் தானாகப் பழகும்.

இனிமேல் ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள்: கல்லை எடுக்கக் கூடாது. கிடக்கும் இடத்திலேயே பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்துப் படமெடுக்கணும், எந்த ஆழம், எந்த மண் என்று குறிக்கணும், பெரியவர்களிடம் சொல்லணும். இடத்தை விட்டு எடுத்த கல், விலாசம் கிழிந்த கடிதம் மாதிரி. கல்கோடரி முதல் பதிவில் சொன்ன விலாசம்தான் எங்கள் துறைக்கு எல்லாமே.

பக்கம் செய்கிறவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. இன்னும் ஆய்வு செய்யாத இடத்தைத் துல்லியமான புள்ளியாக வரைபடத்தில் போடாதீர்கள். தோண்டி எடுத்துப் போக ஆள் வந்துவிடும். ஐநேச்சுரலிஸ்டில் அழியும் நிலையில் உள்ள உயிரினங்களின் இடத்தை மங்கலாக்கித்தான் காட்டுவார்கள். அதே முறையை இங்கேயும் வையுங்கள்.

---

ஐயனாவரம் 23 | வியாழன், இரவு 9.05

விலாசம் கிழிந்த கடிதம். இந்த வரியைப் பையன்களுக்குச் சொன்னால் போதும் டீச்சர்.

---

கல்கோடரி | வெள்ளி, இரவு 10.15

எல்லோரும் சொன்னதை வைத்து நிரலியோடு போனில் பேசினேன். முதலில் பல்லாவரம் மட்டும், நான்கே இடம்.

ஒன்று, ரயில் நிலையம்: ஃபூட் கதை. சரியாக எந்தக் குழி என்று யாரும் சுட்டிக்காட்டப் போவதில்லை, ஊர்ப் பெயரே போதும். இரண்டு, சந்தை: கற்கோடரி எதற்குப் பயன்பட்டது என்று கத்தி, அரிவாள் விற்கும் அண்ணன் ஒருவரோடு பேசி எடுக்கலாம் என்றிருக்கிறேன். கேட்டேன், உடனே சரி என்றார். மூன்று, குன்று: தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ இங்கே கண்டெடுத்த, இறந்தவர்களைப் புதைக்கப் பயன்பட்ட, கால்கள் வைத்த சுடுமண் ஈமப்பேழை. நான்கு, மகேந்திரவர்மன் குடைந்த குடைவரை. அது இப்போது தர்காவாக இருக்கிறது. பல்லவ மன்னனின் பட்டப்பெயர்கள் வெட்டிய கல்வெட்டு அங்கே இருக்கிறது. தர்காவில் போய்ப் பேசிவிட்டு, அவர்கள் சம்மதித்தால் மட்டுமே பதிவு. அவர்களில் ஒருவரே பேசினால் இன்னும் நன்றாக இருக்கும்.

---

வேப்பமரத்தடி | வெள்ளி, இரவு 10.30

குன்றில் என்னென்ன செடி இருக்கிறது என்று பட்டியல் எடுத்துத் தருகிறேன். மழை முடிந்து போவோம்.

---

கல்கோடரி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, மாலை 4.20

முதல் இரண்டு பதிவு முடிந்தது. தர்காவில் பெரியவர் ஒருவர் பேசச் சம்மதித்திருக்கிறார், பெருநாள் கழித்து வரச் சொன்னார். சந்தை அண்ணன் நாம் எழுதிக் கொடுத்த எதையும் படிக்கவில்லை. குவார்ட்சைட் சார் கொண்டுவந்த மாதிரிக் கல்லைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, "எலும்பு உடைக்கலாம், தோல் உரிக்கலாம், மரம் வெட்ட வராது, பிடி இல்லை" என்று அவர் சொன்னதை அப்படியே வைத்துவிட்டோம். சார் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

ரயில் நிலையப் பதிவுக்கு டீச்சர் குரல் கொடுத்தார். ஒரே ஒரு குறை. பாதியில் விமானம் ஒன்று தலைக்கு மேல் தாழ்வாகப் போகிறது. நான்கு முறை எடுத்தோம், நான்கிலும் விமானம். விடியற்காலையில் திரும்ப எடுக்கலாமா, இல்லை நிரலி கணினியில் அந்தச் சத்தத்தை எடுத்துவிடலாமா? கோப்பை இங்கே போட்டிருக்கிறேன்.

---

செவிவழி | ஞாயிறு, மாலை 5.05

மூன்று முறை கேட்டேன். விமானத்தை எடுக்காதீர்கள். டீச்சர் "உங்கள் உள்ளங்கையை விரியுங்கள்" என்று சொல்லும் இடத்தில் அது தலைக்கு மேல் வருகிறது. கீழே மின்சார ரயில் பிரேக் போடுகிறது. எனக்கு அப்போதுதான் பல்லாவரத்தில் நிற்பது தெரிந்தது.